பாரிஸில் எட்டு நாள்

பாரிஸ் மாநகருக்குச் செல்லும் வழி எங்கே தொடங்குகின்றது என்று எவரேனும் எம்மை வினவினால், கட்டுநாயக்கா விமான நிலையத்தை நாம் சுட்டிக்காட்ட மாட்டோம். அவ்வழி புதுக்கடையில் தொடங்குகின்றது. கொழும்பு 12இல், நீதிமன்றக் கட்டிடங்களைச் சூழ்ந்த தெருக்களிலே, வழக்கறிஞர்களதும் நொத்தாரிசுமாரதும் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் தொழில் நடத்துகின்றனர். காணி வழக்குக்காரரும் பிணைக்கு வந்தோரும் நெருக்கியடிக்கும் அவ்விடத்தில், கடதாசி உறையொன்றை மார்போடு அணைத்தபடி வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்த முதிய தம்பதியரையும் காணலாம். அவர்களுக்கு வழக்கு ஒன்றுமில்லை. மகன் பாரிஸில் இருக்கின்றான். அவனைப் பார்த்துவர வேண்டும். அதற்குத் தங்கள் விவாகப் பத்திரமும் அவனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பெயர்க்கப்பட வேண்டும்.

ஐரோப்பிய நகரமொன்றுக்கு முதன்முறையாக, அதுவும் சில நாட்களுக்கே செல்வோர் எங்ஙனம் ஆயத்தஞ் செய்வது என்று அன்பர்கள் அவ்வப்போது எம்மிடம் கேட்பதுண்டு. லண்டன் செல்வோரைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படுவதில்லை. அங்கே ஆங்கிலம் கைகொடுக்கும். பாரிஸ் செல்வோருக்குத்தான் சொல்ல வேண்டியவை பல உள. எம்மவர் பலர் அந்நகரத்துக்குப் போய்வந்தும் அதனைக் காணாமலே திரும்புகின்றனர் என்பது எமது மனத்தாங்கல்.

இது எவ்வாறு நேர்கின்றது என்று சொல்கிறோம். மகனோ மருமகனோ உணவகமொன்றின் சமையற்கூடத்தில் கிழமைக்கு ஐந்து அல்லது ஆறு நாள் வேலை செய்கிறான். அப்பாவும் அம்மாவும் வந்து இறங்குகின்றனர். "நீங்கள் வீட்டிலே இருங்கோ அப்பா, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கொண்டுபோய்க் காட்டுறேன்" என்று பிள்ளை சொல்கிறான், அன்பினால்தான் சொல்கிறான். பெற்றோரும் புறநகர் மாடிவீட்டின் நான்காம் தளத்தில், வெள்ளவத்தையில் பார்த்த அதே தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்துக்கொண்டு ஞாயிறு வரை காத்திருக்கின்றனர். ஞாயிறன்று உறவினர் வீடு மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் விருந்து. இரவு பத்து மணிக்கு மோட்டார் வண்டியின் கண்ணாடி வழியாக ஈபெல் கோபுரத்தின் வெளிச்சத்தைக் காட்டுகின்றனர். மறுநாள் விமானம்.

விருந்தைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பிள்ளையைக் காணவே அவர்கள் சென்றனர். 1983க்குப் பின் நாட்டை விட்டுப் புறப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் பிரான்சில் அகதித் தஞ்சம் பெற்று வாழ்கின்றனர். அவ்வாறு தஞ்சம் பெற்றோருக்குக் கொடுக்கப்படும் பயண ஆவணம் சொந்த நாட்டுக்குச் செல்வதற்கு உதவாது. அவன் வர முடியாத காரணத்தால் இவர்கள் போகிறார்கள். இருபது ஆண்டுக்குப் பின் காணும் முகத்தை விட்டுவிட்டுக் கோபுரங்களைப் பார்க்கச் சொல்பவர் எவரும் இரார். ஆனால், பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நாட்களை என்ன செய்வது? அந்நாட்களில் பெற்றோர் தாமாகவே வெளியே இறங்கி, நகரைப் பார்த்து, தாமாகவே வீடு திரும்பக் கூடியவாறு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். ஆயத்தம் என்று நாம் சொல்வது இதனையே.

முதலில் கடதாசிகள். எட்டு நாள் பயணத்துக்கு மூன்று மாத ஆயத்தம் வேண்டுமா என்று நகைப்போர் உண்டு. பின்வருவதைப் படித்தபின் நகைக்கட்டும்.

பிரான்ஸ் ஷெங்கன் கூட்டமைப்பைச் சேர்ந்த நாடு. குறுகிய கால விசா பெற்றவர் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் அக்கூட்டமைப்பு நாடுகளில் தங்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாகக் கொடுக்க இயலாது. பதினைந்து நாளுக்குப் பிந்தியும் கொடுத்தல் ஆகாது. முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள். சிக்கலானால் 45 நாள் வரை நீளலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பி வராது. கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமேனும் செல்லுபடியாவதாகவும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் அவசியம். முன்பே உள்ள நோய்களுக்கு அக்காப்புறுதி பெரும்பாலும் பணம் கொடாது. ஆதலின் இரத்த அழுத்தக் குளிகைகளை நாளெண்ணிக்கையிலும் சற்று அதிகமாகவே எடுத்து, வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்க.

பிள்ளையின் வீட்டில் தங்குவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிள்ளை தான் வாழும் ஊரின் நகரசபைக்கு நேரிற் சென்று, 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்னும் வரவேற்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை. வீட்டின் அளவையும் வருமானத்தையும் நகரசபையார் பார்ப்பர். ஓர் அறை வீட்டில் ஏற்கெனவே நால்வர் இருப்பின் மறுத்துவிடவுங் கூடும். பத்திரம் கிடைத்ததும் அதன் மூலப்பிரதியைத் தபாலிலோ வருவோர் கையிலோ கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தொலைபேசியில் எடுத்த படம் போதும் என்று எண்ணித் தாமதித்தோர் பலர். இப்பத்திரம் இருந்தால் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நாளொன்றுக்கு 32.50 யூரோவாகக் குறையும். ஹோட்டலில் தங்குவோருக்கு அது 65 யூரோ.

இனி, புதுக்கடைக்கே உரிய சங்கடம். எமது பெயர்கள்! தகப்பனார் பெயர் முன்னே நிற்கும் எமது வழக்கம் ஐரோப்பியருக்குப் புரிவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, பிரெஞ்சுக் கடதாசியில் மூன்றாவதொன்று. 'ழ'கரம் ஆங்கிலத்தில் எல்லா வேடமும் போடும். தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராகி, தந்தைக்கோ பாட்டனார் பெயர் குடும்பப் பெயராக நிற்கும்பொழுது, இவ்விருவரும் தந்தையும் மகனும் என்பதை விசா அதிகாரி எங்ஙனம் நம்புவார்? இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டு பெயரும் ஒருவருடையனவே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, மொழிபெயர்ப்புடன் சேர்த்து வைத்தால் போதும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்பொழுதே, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைக் காட்டி அதன்படியே எழுதச் சொல்ல வேண்டும். அவர் தம் மனம்போல எழுதி முத்திரை குத்தியபின் நான்காவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறந்துவிடும்.

அதிகாரிகள் முக்கியமாக அறிய விரும்புவது, வந்தவர் திரும்பிப் போவாரா என்பதையே. ஓய்வூதியப் பத்திரம், வீட்டு உறுதி, வங்கிக் கணக்கு, இங்குள்ள மற்றப் பிள்ளைகளின் விபரம் ஆகியவை பதில் சொல்லும். பயணத்துக்கு முதற்கிழமை எவரிடமேனும் கடன் வாங்கி வங்கியிற் போட்ட பணம் பதில் சொல்லாது. அது சந்தேகத்தையே வளர்க்கும்.

காலத்தைப் பற்றிச் சிறிது. டிசெம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குளிரும் எம்மவர் முழங்காலுக்கு ஒவ்வாது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு. ஓகஸ்டில் பாரிஸ்வாசிகள் கூட்டமாக விடுமுறைக்குப் போய்விடுவர். பல கடைகள் பூட்டிக் கிடக்கும். ஆயினும் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்பொழுதுதான். ஓகஸ்ட் இறுதியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ மாணிக்க விநாயகர் தேரும் ஓடும். 1985இல் தோன்றிய அவ்வாலயத்தின் தேர் லாச்சப்பல் தெருக்களில் வருகையில், வீதியில் உடையும் தேங்காய்களைப் பிரெஞ்சுக்காரர் விலகி நின்று வியப்போடு பார்ப்பர். எம்மைக் கேட்டால் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை உத்தமம் என்போம். தேரும் வேண்டுமென்பவர் தேருக்கே போகட்டும்.

எந்நாளில் சென்று இறங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாரிஸின் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான 'நவிகோ' என்னும் கிழமைச் சீட்டு, எந்நாளில் வாங்கினாலும் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். வியாழன் கழிந்தால் நடப்புக் கிழமைக்கு வாங்கவும் முடியாது. 2025இல் அதன் விலை 31.60 யூரோ, அட்டைக்கு 5 யூரோவும் சிறு புகைப்படம் ஒன்றும் வேறாக. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் தனிச்சீட்டே அவ்வாண்டில் 13 யூரோ என்பதையும், நகரத்துள் ஒரு ரயில் பயணம் 2.50 யூரோ என்பதையும் ஒப்பிட்டால் இலாபம் விளங்கும். ஆகவே திங்கட்கிழமை காலையில் இறங்குவோர் புத்திசாலிகள். அடுத்த திங்களில் புறப்பட்டால் எட்டு நாள். இடையில் முழுமையாக ஒரு ஞாயிறு. பல உணவகங்கள் ஞாயிற்றிலோ திங்களிலோ மூடப்படுவதால் பிள்ளைக்கும் அது தோது.

விமானத்தால் இறங்கியதும் விரல் அடையாளமும் முகப்படமும் எடுப்பர். 2025 ஒக்டோபர் 12இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவுமுறை இது. வரிசை நீளும், வெளியே காத்து நிற்கும் மகனுக்கு அதனை முன்பே சொல்லிவைத்தல் நன்று. பொதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறைச்சி, நெய், பால்மா முதலியன ஐரோப்பாவுக்குள் கொண்டுசெல்லத் தடை. பழங்களுள் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டூரியன் என்னும் ஐந்துக்கும் மட்டுமே நோயின்மைச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆதலின், மகனுக்கென்று கடதாசியிற் சுற்றிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குப்பைக்கூடைக்கே போகும். கறிவேப்பிலையும் அப்படியே. கருவாட்டுக்கு எடை எல்லை உண்டே தவிரத் தடையில்லை. அம்மாமார் இச்செய்தியால் ஆறுதலடைவார்கள் என நம்புகிறோம்.

நகரத்தின் அமைப்பை வீட்டில் இருந்தபடியே மனத்திற் பதித்துக்கொள்ளலாம். கொழும்புவாசிக்கு இது கடினமன்று. எமது நகரம் கோட்டையில் 1 எனத் தொடங்கி, தெற்கே வெள்ளவத்தையில் 6 வரை இறங்கி, உள்ளாகத் திரும்பி வடக்கே ஏறி, புதுக்கடையில் 12, கொட்டாஞ்சேனையில் 13 என முகத்துவாரத்தில் 15ஆக முடிகின்றது அல்லவா? பாரிஸும் 20 வட்டாரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. லூவர் மாளிகை உள்ள நடுப்பகுதி 1. அதிலிருந்து நத்தையின் ஓடுபோலச் சுற்றிச் சுற்றி 20 வரை வெளியே விரியும். தபால் இலக்கமாகிய 75018 என்பதன் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே பதினெட்டாம் வட்டாரம் என்று தெரிந்துவிடும். நகரின் பரப்பு ஏறக்குறைய 105 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகரைப் போல மூன்று மடங்குக்கும் குறைவு. நோத்ர டாம் பேராலயத்திலிருந்து ஈபெல் கோபுரத்துக்குச் சேன் நதியோரமாக நடந்தால் நான்கு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிச் சந்திக்கு நடப்பது போலத்தான். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டிய நகரமன்று அது.

பிள்ளையின் வீடு பெரும்பாலும் நகரெல்லைக்கு அப்பால், லா கூர்நெவ் போன்ற வடபுறத்து ஊரொன்றில் இருக்கும். அங்கிருந்து 'கார் து நோர்' என்னும் வடக்கு ரயில் நிலையத்துக்கு வரும் ஒரே பாதையை முதல் நாளே பிள்ளையுடன் போய் வந்து பழகிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பாதை தெரிந்தால் நகரம் முழுவதும் தெரிந்ததற்குச் சமம். அந்நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் லாச்சப்பல். பத்தாம் வட்டாரமும் பதினெட்டாம் வட்டாரமும் சந்திக்கும் இடம். தமிழ்ப் பெயர்ப்பலகை, தோசைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் அங்குண்டு. வழி தவறியவர் எவரிடமும் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் அதுவே ஆபத்தும். லாச்சப்பலைக் கண்டு மகிழ்ந்து, நாள்தோறும் அங்கேயே போய் வெள்ளவத்தைக்குத் திரும்புவது போலத் திரும்பிவிடுவோர் அநேகர். அதனை ஒரு துறைமுகமாகக் கொள்க. அங்கிருந்து கப்பல் புறப்பட வேண்டும்.

மெத்ரோ என்னும் நிலக்கீழ் ரயில் விரைவானது. ஆனால் படிகள் மிகுதி, மின்தூக்கி உள்ள நிலையங்கள் சில. அறுபது கடந்தோருக்கு நாம் பஸ்ஸையே சொல்வோம். யன்னலோரத்தில் அமர்ந்தால் பயணமே காட்சி. ஈபெல் கோபுரத்தருகே இருந்து புறப்படும் 69ஆம் இலக்க பஸ், நதியைக் கடந்து, லூவரை ஒட்டி, பஸ்தீல் சதுக்கத்தைத் தொட்டுக் கிழக்கே செல்கின்றது. சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்த இதுவே போதும். ஏறும்பொழுது சாரதிக்கும், கடைக்குள் நுழையும்பொழுது கடைக்காரருக்கும் 'போன்ஜூர்' சொல்ல மறவாதீர்கள். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பவரை அவர்கள் மரியாதை அறியாதவராகவே கருதுவர்.

எதனைப் பார்ப்பது? ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இந்த விதியை மீறுவோர் கால் வலியையும் புகைப்படங்களையுமே கொண்டுவருவர். லூவர் காட்சிச்சாலையில் ஏறத்தாழ 35,000 பொருள்கள் காட்சியில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவ்வாயில் அது மூடப்படும்; ஓர்சே காட்சிச்சாலை திங்களில் மூடப்படும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு லூவர் கட்டணம் 32 யூரோ. இருவருக்கு 64. இலங்கை ரூபாயில் அதனை மாற்றிப் பார்த்தபின், வெளிமுற்றத்தில் நின்று மாளிகையையும் கண்ணாடிக் கூம்பையும் பார்த்தாலே போதும் என்று தீர்மானிப்போரை நாம் குறை கூறமாட்டோம். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிற்றில் இலவசம், முன்பதிவு வேண்டும்.

2019 ஏப்ரில் 15இல் தீப்பற்றிய நோத்ர டாம் பேராலயம் 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பழகியவருக்கு அதன் உள்ளே அந்நியம் தோன்றாது. வெளியே வந்து தீவின் மேற்கு முனைக்கு நடந்தால், பாரிஸில் இன்று நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது எதிர்ப்படும். 1607இல் கட்டி முடிந்தது, பெயரோ 'புதுப்பாலம்'. புதுக்கடையும் புதிதன்று, புதுப்பாலமும் புதிதன்று. இரண்டு ஊராரும் ஒருமுறை வைத்த பெயரை மாற்றச் சோம்பியவர்கள் போலும்.

அப்பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குச் சென்றால் கல்விக்கூடங்களின் பகுதி. அங்குள்ள கொலேஜ் து பிரான்ஸ் என்னும் கல்விப்பீடத்தில் 1970இல் மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. அங்கே பேராசிரியராக இருந்த ழான் பிலியோசாவும், ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த எமது தனிநாயகம் அடிகளும் அம்மாநாட்டின் தூண்கள். அக்காலத்தில் லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடைகூட இல்லை. தமிழ் அந்நகருக்குள் முதலில் நுழைந்த வாயில் சமையற்கூடமன்று என்பதைப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று அக்கட்டிடத்தின் முன் நின்று சொல்லலாம். நதியின் வடகரையில், றிஷ்லியூ தெருவிலுள்ள பழைய தேசிய நூலகத்தின் முட்டைவடிவ வாசிகசாலை 2022இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. எவரும் இலவசமாக உள்ளே சென்று அமரலாம். அந்நூலகத்தின் சேமிப்பில், 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் உத்தியோகம் பார்த்த ஆரியேல் என்னும் பிரெஞ்சுக்காரர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் உள்ளன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த எமக்கு, எங்கோ ஓரிடத்தில் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன என்பது வெறுஞ் செய்தியாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் ஒரே ஒரு காட்சிச்சாலைக்குத்தான் பணமும் பலமும் உண்டு என்பவருக்கு நாம் சொல்வது கிமே காட்சிச்சாலை. பதினாறாம் வட்டாரத்தில், 1889இல் திறக்கப்பட்ட ஆசியக் கலைக்கூடம் அது, செவ்வாயில் மூடப்படும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுள் நடராஜர் ஒருவர் அங்கே நிற்கின்றார். தீபமும் மாலையும் இன்றி, கண்ணாடி ஒளியில் நிற்கும் அவரைக் கண்டு கைகூப்புவதா, கலைப்பொருளாகப் பார்ப்பதா என்று தடுமாறும் எம்மவர் உண்டு. கைகூப்பினால் எவரும் தடுக்கப்போவதில்லை. பிரெஞ்சுச் சிற்பி றோடன், சென்னைக் காட்சிச்சாலை நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து உள்ளம் நெகிழ்ந்து எழுதிய கட்டுரை 1921இல் பாரிஸில் நூலாக வெளிவந்தபொழுது, அதே நூலில் உடன் எழுதியவருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர்; வழக்கறிஞர் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர். ஆடவல்லானைப் பாரிஸுக்கு விளக்கியவருள் கொழும்பார் ஒருவரும் இருந்தார் என்பதை அத்திருமேனியின் முன் நின்று நினைத்துப் பார்ப்பது ஓர் இன்பம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் த்ரொகாதெரோ மேடை. ஈபெல் கோபுரத்தை அங்கிருந்து பார்ப்பதே அழகு. 330 மீற்றர் உயரத்தை ஏறிப் பார்க்க வேண்டுமென்பவர் சீட்டை முன்னரே வாங்கிவிட வேண்டும். இருட்டிய பின் ஒவ்வொரு மணியும் அடிக்கையில் ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் மினுமினுக்கும், அதற்குப் பணமில்லை.

சில்லறைக் காரியங்கள் சில. தெருவோரத்துத் தானியங்கிக் கழிவறைகள் இலவசம். முதியோர் இதை அறியாமல் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கின்றனர். நான்கு பெண்கள் தாங்கும் கரும்பச்சை நிற இரும்புக் குழாய்களில் வருவது குடிக்கத் தகுந்த நீரே. 1872 முதல் நிற்பவை. மெத்ரோவிலும் மொன்மாத்ர் குன்றின் அடிவாரத்திலும் பணப்பையைக் கவனிக்க வேண்டும். கையில் நூல் கட்ட வருவோரிடமும், கையெழுத்துக் கேட்டுக் கடதாசி நீட்டுவோரிடமும் நில்லாமல் நடந்துவிடுக. கடவுச்சீட்டை வீட்டில் வைத்து அதன் பிரதியைக் கொண்டு திரியலாம் என்று சிலர் சொல்வர். ஆனால் பொலிசார் கேட்கக் கூடுமாதலின், மூலத்தையே உட்பையில் பத்திரமாக வைத்திருத்தல் மேல்.

நேர வேறுபாட்டையும் பயனாக்கிக்கொள்ளலாம். கோடையில் பாரிஸ் எமக்கு மூன்றரை மணி நேரம் பின்னே நிற்கும். முதல் மூன்று நாளும் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுப்பானேன்? இரவு வேலை முடித்து நள்ளிரவு கழிந்து வந்த பிள்ளை அப்பொழுதுதான் கண்ணயர்ந்திருப்பான். அவனை எழுப்பாமல் ஒரு தேநீர் போட்டுக் குடித்து, ஏழு மணிக்குப் புறப்பட்டால், கூட்டம் சேருமுன்னரே நகரத்தின் பாதி உங்களுடையது.

இன்னொரு காரியம் இருக்கின்றது. எந்த வழிகாட்டி நூலிலும் இராது. உணவகச் சமையற்கூடங்களில் மதிய வேலை ஏறத்தாழ மூன்று மணிக்கு ஓயும்; மாலை வேலை ஆறு மணியளவில் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போய்வரத் தூரம் இடங்கொடாது. பிள்ளைகள் அந்நேரத்தைத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு தனியே போக்குகின்றனர். பெற்றோர் அன்று பார்க்கும் இடத்தைப் பிள்ளையின் உணவகத்துக்கு அண்மையிலேயே வைத்துக்கொண்டால், மூன்று மணிக்கு அவன் வாசலில் நிற்கலாம். தென்கரையில் வேலையென்றால் லக்சம்பூர்க் பூங்கா அருகிலே இருக்கும். அங்கே பச்சை இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எவரும் எடுத்து எங்கும் போட்டு அமரலாம், வாடகையில்லை. மூன்று நாற்காலிகளை நிழலில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிற்று விருந்தில் பத்துப் பேருக்கு நடுவே பேச முடியாதவற்றைப் பேச அங்கே இரண்டு மணி நேரம் உண்டு. எட்டு நாளில் ஐந்து முறை அது வாய்த்தால் பத்து மணி நேரம். சுடுநீர்ப் போத்தலில் தேநீரும் கடதாசிப் பையில் இரண்டு வடையும் எடுத்துச் செல்க. ஐந்தரைக்கு அவன் எழுந்து போக வேண்டியிருக்கும். வீடு திரும்பும் வழிதான் உங்களுக்கு முதல் நாளே தெரியுமே.